ஒரு பாஸ்போர்ட், இரண்டு முகம்

2018 செப்டம்பரில் ஜெர்மனியில் ஒரு பாஸ்போர்ட் செய்தியில் அடிபட்டது. அதைக் கள்ள பாஸ்போர்ட் என்று சொல்ல முடியாது. தாள் அசல், சிப் அசல், அரசு அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பித்து வாங்கியது. போட்டோ மட்டும் யாருடையதும் இல்லை. விண்ணப்பித்த பெண்ணின் முகத்தையும், அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பில் இருந்த இத்தாலிய அரசியல்வாதி ஃபெடெரிகா மொகெரினியின் முகத்தையும் கணினியில் குழைத்து எடுத்த மூன்றாவது முகம் அது.

செய்தவர்கள் 'பெங்!' என்ற பெர்லின் கலைக்குழு. கலையும் போராட்டமும் கலந்த வேலைகளுக்குப் பேர்போனவர்கள். இந்தத் திட்டத்துக்கு 'மாஸ்க் ஐடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அரசுகள் மக்களின் முகங்களைத் தரவுத்தளங்களில் சேர்த்துக்கொண்டே போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் உங்கள் படத்தை இன்னொருவர் படத்தோடு கலந்து கொடுங்கள், தரவுத்தளம் குழம்பட்டும் என்று மற்றவர்களையும் கூப்பிட்டார்கள்.

அடையாள அட்டைக்கு ஏஐ படம் கொடுக்கலாமா, ஃபில்டர் போட்டால் தப்பா என்ற பேச்சு இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. பேச்சு பெரும்பாலும் ஏஐயைச் சுற்றியே போகிறது. ஆனால் பெர்லின் குழு இதைச் செய்தபோது இன்றைய படம் வரையும் ஏஐ செயலி எதுவும் கடையில் இல்லை. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். ஓட்டை எங்கே இருந்தது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. ஏஐ வந்து செய்தது, அந்த ஓட்டை வழியாகப் போகத் தேவைப்பட்ட கைத்திறமையைக் குறைத்தது மட்டுமே.

விண்ணப்பத்தில் நம் கையிலிருந்து போகும் ஒரே பொருள்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருக்கும் தகவல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் பிறப்புப் பதிவேட்டில் இருக்கின்றன. முகவரி ஜெர்மனியில் குடியிருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. விரல்ரேகையை அலுவலகத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். நாம் சொல்வதை அரசு அப்படியே நம்புவதில்லை, வேறு எங்கோ ஒத்துப் பார்க்கிறது.

போட்டோ அப்படி இல்லை. 35-க்கு 45 மில்லிமீட்டர் தாள் படம் ஒன்றை வெளியே எங்காவது எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். ஊழியர் அளவைப் பார்ப்பார், பின்னணி நிறத்தைப் பார்ப்பார், எதிரே நிற்பவர் முகத்தை ஒருதரம் பார்ப்பார், ஸ்கேன் பண்ணுவார். கடையிலிருந்து கவுன்ட்டர் வரைக்கும் அந்தப் படத்துக்கு என்ன நடந்தது என்று கேட்க வழியே கிடையாது. விமான நிலையத்தில் தானியங்கிக் கதவு நம் முகத்தோடு ஒத்துப் பார்ப்பதோ, நாமே கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் படத்தைத்தான். பாதுகாப்பு முழுவதும் ஏறி நிற்கும் பலகையைப் பயணியிடமே கொடுத்து 'நீயே கொண்டு வா' என்று சொன்னதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு.

இதைப் பெங் குழுவுக்கு ஓராண்டு முன்பே பாரிஸில் ஒருவர் காட்டியிருந்தார். ரஃபாயேல் ஃபாப்ர் என்ற கலைஞர், 2017 ஏப்ரல் 7 அன்று பாரிஸ் 18ஆம் வட்டார நகராட்சி அலுவலகத்தில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தார். கொடுத்த ஆவணங்கள் எல்லாம் சரி. போட்டோவை மட்டும் கேமரா எடுக்கவில்லை. சினிமா சிறப்புக் காட்சிகளுக்கும் வீடியோ கேமுக்கும் பயன்படும் மென்பொருள்களை வைத்து, தன் தலையை முப்பரிமாண உருவமாகக் கணினியில் செய்து, அதற்கு வெளிச்சம் போட்டு எடுத்த படம் அது. அட்டை கிடைத்தது. அதையே கலைப்படைப்பாகக் காட்சிக்கும் வைத்தார்.

ஃபாப்ரின் காரியத்தை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் அவரைப் போலவே இருந்தது. அந்த அட்டையை வைத்து வேறு யாரும் எங்கும் போக முடியாது. ஆனால் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் அளவும் சாயலும் பார்த்தார். இதை ஒரு கேமரா எடுத்ததா என்ற கேள்விக்கு அந்த நடைமுறையில் இடமே இல்லை.

எப்படிக் குழைக்கிறார்கள்

பெங் குழு எடுத்த வழி வேறு, ஆபத்தும் வேறு. அதன் பெயர் மார்ஃபிங். இரண்டு முகங்களிலும் கண் ஓரம், மூக்கு நுனி, உதட்டு முனை, தாடை வளைவு என்று புள்ளிகள் வைப்பார்கள். புள்ளிகளை இணைத்து முகத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டுவார்கள். இரண்டு பேர் முக்கோணங்களையும் இழுத்து நடுவில் ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து, நிறங்களைக் கலப்பார்கள். முடி ஓரத்திலும் கருவிழியிலும் பேய் நிழல் மாதிரி ஒரு இரட்டைத் தடம் விழும். அதைக் கையால் துடைத்துவிட வேண்டும். முடியும் காதும் ஒருவருடையதை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த வேலையும் குறையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாஸ்போர்ட் போட்டோவின் கண்டிப்பான விதிகளே குழைப்பவருக்குக் கைகொடுக்கின்றன. நேராகப் பார், சிரிக்காதே, வாயை மூடு, முகத்தில் நிழல் விழக்கூடாது, பின்னால் வெறும் சுவர். இந்த விதிகளின்படி எடுத்த இரண்டு படங்களை எடுத்துக்கொண்டால் புள்ளிகள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் இரண்டு முகங்களைக் குழைத்துப் பார்த்தால் அந்த அருமை தெரியும்.

பொலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மத்தேயோ ஃபெர்ராரா, அன்னலீசா ஃபிராங்கோ, தாவிதே மல்தோனி மூவரும் 2014இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். கட்டுரைக்கு 'மந்திர பாஸ்போர்ட்' என்று தலைப்பு. இலவசமாகக் கிடைக்கும் படத் திருத்தி ஒன்றை வைத்தே முகங்களைக் கலந்தார்கள். கலந்த படத்தைக் கடையில் விற்கும் முக அறிமுக மென்பொருள்களிடம் கொடுத்தபோது, கலக்கப்பட்ட இருவரோடும் அது பொருந்துவதாகவே சொன்னது.

ஏன் ஏமாறுகிறது? கதவில் இருக்கும் இயந்திரம் 'இது அவர்தானா' என்று கேட்பதில்லை. இரண்டு படங்களுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால் கதவு திறக்கும். கோட்டை மிக உயரத்தில் போட முடியாது. ஜெர்மனியில் 24 வயதைத் தாண்டியவருக்கு பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். அந்தப் பத்தாண்டில் தொப்பை வரும், தாடி வரும், முடி போகும். அதற்கெல்லாம் விட்டுக்கொடுக்கும் ஓர் இடைவெளியை இயந்திரத்தில் வைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் கதவுக்கு வெளியே நிற்பார்கள். குழைத்த முகம் அந்த இடைவெளிக்குள்தான் ஒளிந்துகொள்கிறது. இருவரில் எவரோடும் முழுக்க ஒத்துப்போகாது. பத்து வருஷப் பழைய படம் ஒத்துப்போகும் அளவுக்கு இருவரோடும் ஒத்துப்போகும்.

இப்போது குற்றவாளியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தேடப்படும் ஆள் ஒருவன். அவன் சாயலில், எந்த வழக்கும் இல்லாத நண்பன் ஒருவன். நண்பன் தன் பெயரில், தன் பிறப்புச் சான்றோடு, குழைத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கவுன்ட்டர்காரர் நண்பனைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார், கையெழுத்துப் போடுகிறார். பாஸ்போர்ட் வந்ததும் அதைத் தேடப்படுகிறவன் எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டுகிறான். கள்ளத்தாள் கண்டுபிடிக்க வைத்திருக்கும் நீர்க்குறி, புற ஊதா மை, சிப்பின் மின்கையெழுத்து எதுவும் இங்கே உதவாது. அவை எல்லாம் 'இதை அரசுதான் கொடுத்தது' என்று சாட்சி சொல்லும். உண்மையும் அதுதானே.

கவுன்ட்டரில் இருப்பவரைக் குறை சொல்லலாமா

எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் நியாயமாக இருக்காது. 2014இல் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் அதிகாரிகளிடம் நடந்த ஒரு சோதனை பிரசித்தம். எதிரே நிற்கும் ஆளையும் ஒரு போட்டோவையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார்கள். வேறு ஆளின் போட்டோ காட்டப்பட்ட தடவைகளில் 14 விழுக்காட்டில் 'இவர்தான்' என்று ஏற்றுக்கொண்டார்கள். கலப்படம் எதுவும் இல்லாத சாதாரணப் படங்களுக்கே இந்த நிலை. பல ஆண்டு சர்வீஸ் போட்டவர்கள் புதிதாக வந்தவர்களைவிட நன்றாகச் செய்துவிடவும் இல்லை. தெரிந்த முகத்தை இருட்டிலும் கண்டுபிடித்துவிடும் நமக்கு, தெரியாத முகம் என்று வந்துவிட்டால் கண் அவ்வளவுதான்.

குழைத்த முகங்களை வைத்து இங்கிலாந்தில் நடந்த இன்னொரு ஆய்வு 2017இல் வந்தது. முன்னெச்சரிக்கை இல்லாமல் காட்டியபோது பாதிக்குப் பாதி கலந்த படங்களை 68 விழுக்காடு தடவை சரியான படம் என்றே ஏற்றார்கள். 'இப்படி ஒரு தில்லுமுல்லு இருக்கிறது' என்று சொல்லிக் கொஞ்சம் பழக்கியதும் அது 21 விழுக்காடாக இறங்கியது. நல்ல செய்திதானே என்று நினைக்கலாம். அதே ஆய்வாளர்களில் சிலர் பின்னால் இன்னும் நேர்த்தியாகச் செய்த படங்களைக் காட்டியபோது பழக்கியதால் பெரிய பலன் இல்லை. ஆக, முதல் ஆய்வில் மக்கள் கண்டுபிடித்தது குழைத்தவரின் அரைகுறை வேலையை.

இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் (நிஸ்ட்) மார்ஃபிங் கண்டறியும் மென்பொருள்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறது. 2025 ஆகஸ்டில் அது வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கும் எண்கள் கவனிக்க வேண்டியவை. தனிப் படம் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லும் மென்பொருள், தான் ஏற்கெனவே பழகிய கருவியால் குழைத்த படம் என்றால் சில சமயம் 100 விழுக்காடு வரைகூடப் பிடிக்கிறது. அதாவது 100 நல்ல படத்தில் ஒன்றைத் தப்பாகச் சந்தேகித்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால். பழகாத கருவி என்றால் 40 விழுக்காட்டுக்கும் வெகுகீழே போய்விடுகிறது. புதுக்கருவியோ வாரத்துக்கு ஒன்று வருகிறது.

இன்னொரு வகை மென்பொருள் இருக்கிறது. சந்தேகப்படும் படத்தையும், அதே ஆளை அங்கேயே நிறுத்தி எடுத்த புதுப்படத்தையும் சேர்த்துப் பார்க்கும். இது எந்தக் கருவியானாலும் 72 முதல் 90 விழுக்காடு வரை பிடிக்கிறது. ஆனால் அதற்கு ஆளை நிறுத்திப் புதுப்படம் எடுக்க வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும் இடத்திலேயே கேமரா இருந்தால், அந்தப் புதுப்படத்தையே பாஸ்போர்ட்டில் போட்டுவிடலாமே, சட்டைப் பையில் கொண்டுவந்த படம் எதற்கு?

தாள் படம் என்பதில் இன்னொரு கேடும் உண்டு. கணினியில் குழைத்த படத்தில் நுண்ணிய தடயங்கள் இருக்கும். ஒவ்வொரு கேமராவின் சென்சாரும் படத்தில் விடும் இரைச்சல் வடிவம் கலைந்திருக்கும், சுருக்கிய தடங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும். அதைத் தாளில் அச்சடித்து, அலுவலகத்தில் திரும்ப ஸ்கேன் செய்தால் பெரும்பாலான தடயங்கள் கழுவிப் போய்விடும். அப்புறம் சிப்பில் ஏற்றுவதற்காக அந்தப் படத்தைச் சுமார் 15, 20 கிலோபைட்டுக்குச் சுருக்குவார்கள். குற்றம் நடந்த அறையைப் போலீஸ் வரும் முன்னே கூட்டிப் பெருக்கித் துடைத்த மாதிரி.

சட்டம் வந்தது, கடைக்காரர்கள் வந்தார்கள்

2020 ஜனவரியில் ஜெர்மன் உள்துறை அமைச்சகத்தின் ஒரு வரைவுச் சட்டம் வெளியே வந்தது. இனி பாஸ்போர்ட் போட்டோவை அலுவலகத்திலேயே, அதிகாரி கண்முன்னே எடுக்க வேண்டும் என்றது. மார்ஃபிங்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நேரான தீர்வு அது, ஓட்டை இருந்த இடத்தையே அடைக்கிறது.

போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் கொதித்துப்போனார்கள். எப்படிக் கொதிக்காமல் இருப்பார்கள்? கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு ஆள் வருவதே பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குத்தான். நம்மூர் ஸ்டூடியோக்களைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். அந்த வருமானத்தையும் அரசே எடுத்துக்கொண்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்றார்கள். அமைச்சகம் பின்வாங்கியது. சமரசமாக இரண்டு வழிகள் வைத்தார்கள். ஒன்று, அலுவலகத்தில் எடுக்கலாம். இல்லாவிட்டால் பதிவு செய்துகொண்ட ஸ்டூடியோவில் எடுக்கலாம். ஆனால் ஸ்டூடியோ படத்தைப் பயணியின் கையில் கொடுக்கக் கூடாது. பாதுகாப்பான மின்வழியில் அரசுக்கு அனுப்ப வேண்டும்.

நாடாளுமன்றம் 2020 நவம்பரில் இதை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 2025 மே 1. நாலரை ஆண்டு எதற்கு என்றால், அத்தனை ஊராட்சி அலுவலகங்களுக்கும் கேமராப் பெட்டி வாங்க வேண்டும், ஸ்டூடியோவுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு பாலம் கட்ட வேண்டும். அப்படியும் பெட்டிகள் நேரத்துக்கு வந்துசேரவில்லை. கருவி வராத அலுவலகங்கள் ஜூலை 31 வரை தாள் படத்தையே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். ஜெர்மானியர் என்றால் எல்லாம் மணியடித்தபடி நடக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது அங்கே நடப்பது இப்படி. அலுவலகத்தில் எடுத்தால் 6 யூரோ. ஸ்டூடியோவிலோ, டிஎம் போன்ற பெரிய கடைகளிலோ எடுத்தால், படம் வேறு யாரும் பிரிக்க முடியாதபடி பூட்டப்பட்டு இணையத்தில் இருக்கும் ஒரு சேமிப்புக் கிடங்குக்குப் போகும். வாடிக்கையாளர் கையில் க்யூஆர் மாதிரியான புள்ளிக்கட்டக் குறியீடு அச்சடித்த சீட்டு மட்டும் தருவார்கள். அலுவலகத்தில் சீட்டைக் காட்டினால் படத்தை அவர்களே இறக்கிக்கொள்வார்கள். சீட்டைத் திருத்துவதால் முகம் மாறாது.

பெங் குழு கேட்டது இதுவா? இல்லை. முகங்களைச் சேர்ப்பதை நிறுத்து என்று கேட்டார்கள். கிடைத்தது, முகம் சேரும் வழியை இன்னும் இறுக்கமாகக் கட்டிய ஒரு சட்டம். வேலியில் ஓட்டை இருக்கிறது என்று காட்டினால் வேலியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நினைத்தார்கள் போலும். ஓட்டையைத்தான் அடைத்தார்கள்.

மோசடி எண்ணமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது வேண்டுமென்றே செய்தவர்களின் கதை. 2023இல் தென் கொரியாவில் வந்தது வேறு வகை. ஸ்னோ என்ற செயலியில் நம் செல்ஃபிகள் சிலவற்றை ஏற்றிவிட்டால், ஸ்டூடியோவில் கோட்டு சூட்டோடு எடுத்த மாதிரி ஓர் அடையாளப் படத்தை ஏஐ செய்து கொடுத்தது. படம் அழகாக இருந்தது, விலையும் ஸ்டூடியோவைவிடக் குறைவு. கொரியாவில் வேலைக்கு விண்ணப்பிக்கவே நல்ல படம் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் படத்தையே குடிமக்கள் பதிவு அட்டைக்கும் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். உள்துறை அமைச்சகம் அதை ஏற்க வேண்டாம் என்று உள்ளூர் அலுவலகங்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

இவர்களில் யாரும் எல்லை தாண்டப் போகிறவர்கள் இல்லை, கொஞ்சம் அழகாக இருக்க ஆசைப்பட்டவர்கள். ஆனால் அந்தப் படம் எப்படி வந்தது என்று பாருங்கள். முகத்தைத் திருத்தும் ஃபில்டர்கூட நம் படத்தின் மேல்தான் வேலை செய்யும். இந்தச் செயலியோ செல்ஃபிகளிலிருந்து சாயலைக் கற்றுக்கொண்டு புதிதாக ஒரு முகத்தையே வரைகிறது. மருவை விட்டுவிடும், மூக்கைக் கூராக்கும், கண்ணைப் பெரிதாக்கும், தாடையை ஒடுக்கும். முகத்தை ஒத்துப் பார்க்கும் இயந்திரத்துக்கு இந்த அமைப்புகளும் அடையாளத்தில் சேர்த்தி. இப்படி ஒரு படத்தோடு தானியங்கிக் கதவுமுன் நின்றால், மதிப்பெண் குறைந்து திண்டாடப்போவது படத்துக்குச் சொந்தக்காரரேதான். பாஸ்போர்ட் போட்டோவில் லட்சணமாக இருந்து எனக்கு யாரையும் தெரியாது, அதில் பெரிய இழப்பும் இல்லை.

நம்மூர் ஸ்டூடியோவிலும் 'கொஞ்சம் டச் பண்ணித் தரேன் சார்' என்று கேட்காமலே செய்துவிடுவார்கள். கருப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். கல்லூரி நாளில் நான் எடுத்த ஒரு படத்தில் நெற்றித் தழும்பையே காணோம். ஹால் டிக்கெட்டில் அங்க அடையாளம் என்று அந்தத் தழும்பைத்தான் எழுதியிருந்தேன். கண்காணிப்பாளர் படத்தையும் என்னையும் இரண்டு தடவை மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான், விட்டுவிட்டார்.

அமெரிக்க வெளியுறவுத்துறை பாஸ்போர்ட் போட்டோவுக்கான விதிகளில் இப்போது மென்பொருள், போன் செயலி, ஃபில்டர், ஏஐ எதையும் வைத்துப் படத்தை மாற்றாதே என்று ஏஐயின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. பிரிட்டனும் கணினியால் மாற்றாத படம்தான் வேண்டும் என்கிறது. விதி சரிதான். ஆனால் வீட்டில் எடுத்து இணையத்தில் ஏற்றும் படத்தில் அதை எப்படிச் சோதிப்பது? இன்றைய போன் கேமரா பட்டனை அமுக்கியதுமே பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, இருட்டைத் தூக்கி, இரைச்சலைத் துடைத்துத்தான் ஒரு படத்தைக் கையில் தருகிறது. சில போன்களில் அழகூட்டும் வசதி வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். 'மாற்றாத படம்' என்றால் எதிலிருந்து மாற்றாத படம்?

எந்த மென்பொருளும் தொடாவிட்டாலும் செல்ஃபி முகத்தை மாற்றும். சுமார் 30 சென்டிமீட்டரில் கையை நீட்டி எடுத்தால், ஒன்றரை மீட்டர் தள்ளி எடுப்பதைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏஐ இல்லை, ஃபில்டர் இல்லை, வெறும் வடிவியல். ஆகவே 'ஏஐ கூடாது' என்று விதியில் எழுதுவதைவிட, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், யார் முன்னே படம் எடுக்கப்பட்டது என்பதைக் கையில் வைத்துக்கொள்வது பலன் தரும் என்பது என் கணிப்பு. விதியை நம்பி நடப்பவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகத்தான் நடக்கிறார்கள்.

கொழும்பு பத்தாண்டு முன்னால்

ஜெர்மனி நாலரை ஆண்டு எடுத்துக் கட்டிய அந்த ஸ்டூடியோ பாலம் இலங்கைத் தமிழர்களுக்குப் புதிதாகவே இருக்காது. அங்கே 2015 முதலே பாஸ்போர்ட் படத்தை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ படத்தை நேரே திணைக்களத்துக்கு ஏற்றிவிட்டு, நம் கையில் ஒரு பற்றுச்சீட்டைக் கொடுக்கும். அதைக் கொண்டுபோய் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டியதுதான். தேசிய அடையாள அட்டைக்கும் ஆட்பதிவுத் திணைக்களம் பதிவு செய்த ஸ்டூடியோக்களை வைத்து இதேபோல் நடத்துகிறது. ஸ்டூடியோக்காரர் பிழைப்பும் கெடவில்லை, படமும் பயணி கைக்கு வரவில்லை. ஐரோப்பா இதைப் பெரிய புதுமையாகப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதல் கவுன்ட்டரிலேயே உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சென்னை சாலிகிராமம் ஆனாலும் சரி, அமைந்தகரை ஆனாலும் சரி, கையில் கொண்டுபோன படத்துக்கு வேலை இல்லை. நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் படம் கொண்டுபோக வேண்டும். அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து நேராகப் பார்க்கச் சொல்வது யாராலும் ஆகாத காரியம்.

ஆனால் அதே இந்திய பாஸ்போர்ட்டை துபாயிலோ சிங்கப்பூரிலோ புதுப்பிப்பவர் தன் படத்தைத் தானே கொண்டுவருகிறார். 2025 செப்டம்பர் 1 முதல் அந்தப் படத்துக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகளைக் கட்டாயமாக்கினார்கள். 630-க்கு 810 பிக்சல், வெள்ளைப் பின்னணி, படத்தில் 80 முதல் 85 விழுக்காடு முகம், மென்பொருளால் மாற்றியிருக்கக் கூடாது. கட்டளைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. படம் மட்டும் இன்னும் விண்ணப்பதாரர் கையிலிருந்துதான் புறப்படுகிறது. ஒரே பாஸ்போர்ட்டுக்கு உள்ளூரில் ஒரு வாசல், வெளியூரில் ஒரு வாசல்.

ஜெர்மனியில் புதுமுறை வந்த பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. பதிவு செய்த ஸ்டூடியோக்காரரே காசு வாங்கிக்கொண்டு குழைத்த படத்தை ஏற்றினால் அது நல்ல படமாகவே கிடங்குக்குப் போகும். ஆனால் யார் ஏற்றினார் என்ற பதிவு இருக்கும், பிடிக்க ஒரு நுனியாவது கிடைக்கும். அதைவிடப் பெரியது பழைய கையிருப்பு. 2025 ஜூலை வரை தாள் படத்தை ஸ்கேன் செய்து கொடுத்த பாஸ்போர்ட்கள் பத்தாண்டு செல்லுபடியாகும். அவற்றில் எத்தனையில் இரண்டு பேர் முகம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வழியில்லை, ஸ்கேன் செய்தபோதே தடயம் போய்விட்டது. கதவில் நிற்பவரின் நேரடிப் படத்தோடு சிப் படத்தை ஒத்துப் பார்த்துச் சந்தேகம் சொல்லும் அந்த இரண்டாம் வகை மென்பொருளை எல்லையில் வைப்பது ஒன்றுதான் இப்போதைக்கு இருக்கும் வழி. அந்த ஜூலையில் தாள் படத்தோடு கொடுத்த பத்தாண்டு பாஸ்போர்ட் காலாவதியாவது 2035இல்.